‘நல்லாத்தானே பேசுறீங்க?’: பெண்களிடம் கண்ணுக்குத் தப்பும் ஆட்டிசம்

ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயிலுக்குப் பிரசவத்தின்போதே மூளை பாதிக்கப்பட்டுவிட்டது என்றுதான் சின்ன வயதில் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் கேலிக்கு ஆளான அவர், 2009-ல் ஒரே ஒரு மேடைப் பாட்டில் உலகப் புகழ் பெற்றார். தனக்கு இருப்பது ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலை என்று அவர் வெளியே சொன்னது 2013 டிசம்பரில். அப்போது அவருக்கு வயது 52.

நம் ஊரிலும் முப்பது, நாற்பதைத் தாண்டிய பெண்கள் சிலருக்கு, தங்களுக்கும் ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகம் எழுகிறது. பெரும்பாலும் பிள்ளை வழியாகத்தான் அது வரும். மகனைப் பரிசோதிக்கும் உளவியலாளர், “சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வானா? தினமும் ஒரே சாப்பாட்டைத்தான் கேட்பானா?” என்று விசாரிக்கும்போது, ‘நானும் இப்படித்தானே வளர்ந்தேன்’ என்று அம்மாவுக்கு உறைக்கிறது.

இத்தனை காலம் ஏன் தெரியவில்லை?

ஆட்டிசத்தின் இலக்கணமே பையன்களைப் பார்த்து எழுதப்பட்டது. 1943-ல் மனநல மருத்துவர் லியோ கானர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் ஆண்கள். மறு ஆண்டு வியன்னாவில் மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நான்கு பேருமே சிறுவர்கள். இவர்களுக்கு முன்பே, 1927-ல், சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா இதேபோன்ற சிறுமிகளைப் பற்றி எழுதியிருந்தார். அதை மருத்துவ உலகம் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை.

நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்பதுதான் நீண்ட காலமாகச் சொல்லப்பட்டுவந்த கணக்கு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்றுக்கு அருகில் இருக்கும் என்றது. அறிகுறிகள் இருந்தும் பெண் குழந்தைகள் பலர் கண்டறியப்படாமலே விடுபடுகிறார்கள் என்றும் எச்சரித்தது.

வீட்டு வளர்ப்புக்கும் இதில் பங்குண்டு. வகுப்பில் யாருடனும் சேராத பையனைப் பற்றி ஆசிரியர் புகார் சொல்வார். அதே இடத்தில் ஒரு பெண் இருந்தால் ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டுவார். ரயில் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கும் சிறுவன் கண்ணில் படுவான். ஒரே நாவலை இருபது முறை படித்து, அந்த உலகத்திலேயே வாழும் சிறுமிக்கு ‘படிக்கிற பிள்ளை’ என்று பேர்.

மறைப்பதற்கு ஆகும் செலவு

உறவினர் கல்யாணத்துக்குக் கிளம்பும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். யார் வருவார்கள், என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துவிடுகிறார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க முடியாததால் நெற்றிப் பொட்டைப் பார்த்துப் பேசுகிறார். எல்லோரும் சிரித்தால் அரை நொடி கழித்துத் தானும் சிரிக்கிறார். ஒரு பக்கம் மேளச் சத்தம், இன்னொரு பக்கம் ஜரிகையின் உறுத்தல். மண்டபத்தில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. மறுநாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழ முடியாமல் கிடக்கும்போதுதான் ‘திமிரு’ என்ற பட்டம் வந்து சேர்கிறது.

இப்படிப் பிறரைப் பார்த்துப் பழகித் தன்னை மறைத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் ‘மாஸ்கிங்’ என்கிறார்கள். ஆண்களும் செய்வதுதான், பெண்கள் கூடுதலாகச் செய்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தொடர்ந்து மறைப்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் காணப்படுகின்றன. அதனால்தான் பலர் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டும் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்; அடியில் இருப்பது வெளியே வருவதே இல்லை.

மருத்துவர் எதைப் பார்ப்பார்?

2013-ல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல வழிகாட்டி ஆட்டிசத்துக்கு இரண்டு பிரிவு அறிகுறிகளைச் சொல்கிறது. ஒன்று, பிறருடன் பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் சிரமம். மற்றது, மாறாத வழக்கங்கள், அளவு கடந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றில் மிகையான அல்லது மிகக் குறைவான உணர்வு. இவை சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பழகிக்கொண்ட உத்திகளால் பின்னாளில் மறைந்திருக்கலாம் என்பதையும் அது ஏற்கிறது.

ஆட்டிசப் பண்புகளை அளக்க இணையத்தில் கிடைக்கும் ஏ.க்யூ. தேர்வு, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட 50 கேள்விகள் கொண்டது. மருத்துவரைப் பார்க்கலாமா என்று முடிவெடுக்க அது உதவும். அதன் மதிப்பெண்ணையே நோய்க்கணிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. கூட்டத்தைக் கண்டு ஒதுங்குவது சமூகப் பதற்றமாகவும் இருக்கலாம். கவனச் சிதறல் ஏ.டி.ஹெச்.டி.யாகவும் இருக்கலாம், பழைய மனக்காயங்களும் இதுபோலவே தெரியலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவதுதான் மருத்துவரின் வேலை.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவை ஆட்டிசத்தில் அனுபவமுள்ள மத்திய அரசு நிறுவனங்கள். பெரியவர்களைப் பரிசோதித்த அனுபவம் உண்டா என்று எங்கே போனாலும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. சிறு வயதில் உங்களை அருகிலிருந்து பார்த்த அம்மாவோ அக்காவோ உடன் வந்தால் பாதி வேலை சுலபம். யாரும் இல்லையென்றால், பள்ளி இடைவேளையில் என்ன செய்தீர்கள், எந்தச் சத்தத்துக்கு அழுதீர்கள் என்று நினைவிருப்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் நோய்க்கணிப்பு வேறு, அரசுச் சான்றிதழ் வேறு. சான்றிதழுக்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 அம்சங்களுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். மறைத்துப் பழகியவருக்கு அதில் குறைவாக வர வாய்ப்புண்டு.

ஆட்டிசத்தைப் போக்க மருந்து கிடையாது. ஆனாலும் பெயர் தெரிந்த பிறகு சில வேலைகள் நடக்கும். அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்வதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். விசேஷ வீட்டில் ஒரு மணி நேரம் மட்டும் இருந்துவிட்டுக் கிளம்பலாம். கல்யாணப் பேச்சு, வேலை என்று பயப்படுபவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

மருத்துவரே “நல்லாத்தானே பேசுறீங்க?” என்று கேட்டால் துவண்டுவிட வேண்டாம். அப்படிப் பேசுவதற்கு எவ்வளவு நேரம் தயாரானீர்கள், பேசி முடித்த பிறகு எவ்வளவு நேரம் படுத்துக்கிடப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதையும் காதில் வாங்காதவர் என்றால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.