டீசல் விலையும் லாரி வாடகையும்

லாரித் தொழிலின் செலவுகள் இரண்டு வகைப்படும். வண்டி ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் கட்டியே தீர வேண்டிய ஃபைனான்ஸ் தவணை, காப்பீடு, சாலை வரி, தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. செலவு ஆகியவை ஒரு வகை. சக்கரம் உருண்டால் மட்டுமே ஏற்படும் டீசல், டயர் தேய்மானம், சுங்கச்சாவடிக் கட்டணம், ஓட்டுநர் படி ஆகியவை மற்றொரு வகை. நீண்டதூர லாரியின் ஓட்டச் செலவில் பாதியையோ அதற்கு மேலோ டீசல் ஒன்றே விழுங்கிவிடுகிறது. ஏனைய செலவுகளை ஏறக்குறைய முன்கூட்டியே கணித்துவிடக்கூடிய வண்டி உரிமையாளர், டீசல் விலையை மட்டும் கணிக்கவும் முடியாமல் கட்டுப்படுத்தவும் முடியாமல் தொழில் நடத்துகிறார்.

சரக்கேற்றிய பல அச்சு லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் மைலேஜ் தருவதாகவும் டீசல் 92 ரூபாய்க்கு விற்பதாகவும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 23 ரூபாய் டீசலுக்கே போகிறது. நாமக்கல்லிலிருந்து வட இந்தியாவுக்குச் செல்லும் 2,400 கிலோமீட்டர் நடை ஒன்றுக்கு 600 லிட்டர் தேவை. வாடகை பேசி முடித்த பிறகு விலை 5 ரூபாய் ஏறினால், ஒருவழிப் பயணத்திலேயே 3,000 ரூபாய் கைவிட்டுப் போகிறது.

இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீக்கப்பட்டது. டீசலுக்கு 2013 ஜனவரி முதல் சிறிது சிறிதாக விலை உயர்த்தப்பட்டு, 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுமையாக விலக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற்றும் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறினால் பங்க் விலையும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதே இம்மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். அதன் முதல் பாதி பெரும்பாலும் நடந்தது. இரண்டாம் பாதியின் கதி 2020-இல் தெரிந்தது: பெருந்தொற்றால் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த வேளையில், மே மாதம் மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தியதால், சரிவின் பயன் வண்டிக்காரர் கைக்கு வராமல் கருவூலத்துக்குச் சென்றது. தமிழ்நாடும் அதே மாதத்தில் தனது மதிப்புக் கூட்டு வரியை டீசலுக்கு 11 சதவீதமும் லிட்டருக்கு 9.62 ரூபாயும் என மாற்றியமைத்தது. ஜூன் 24 அன்று டெல்லியில் டீசல் விலை முதன்முறையாகப் பெட்ரோலைத் தாண்டியது. 2021 நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் லிட்டர் 102 ரூபாயைக் கடந்தது. பின்னர் கலால் வரி அந்த நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைக்கப்பட்டது.

டீசல் இன்னும் ஜி.எஸ்.டி. எனும் சரக்கு, சேவை வரிக்குள் வரவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக் கருத வேண்டும். ஜி.எஸ்.டி. அமைப்பில், ஒரு தொழிலுக்காக வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி உண்டு. இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். டீசலுக்குக் கட்டும் வரிக்கு அவ்வரவு கிடையாது என்பதால், அது முழுவதும் செலவாகவே தங்கிவிடுகிறது. பெட்ரோலியப் பொருள்களை ஜி.எஸ்.டி.யில் சேர்ப்பது பற்றி 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், அதற்கு இது நேரமல்ல என்று முடிவு செய்தது. மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்குமே இது எளிதாகத் திரளும் வருவாய் என்பதை நினைத்தால், அம்முடிவில் வியப்பில்லை.

வரியும் விலையும் வண்டிக்காரரின் கைக்கு எட்டாதவை; எட்டுகிற தூரத்தில் இருப்பது ஓட்டும் முறை. ஓடும் வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 80-இல் அவ்விசை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. சதுரமான முகப்பும், மேலே புடைத்து நிற்கும் சரக்கும் கொண்ட லாரிக்கு இந்த வேறுபாடு டேங்கிலேயே தெரியும். கயிறு தளர்ந்து படபடக்கும் தார்ப்பாய்கூடக் காற்றைப் பிடித்து இழுக்கும் என்பதால், சரக்கு நனையாமல் காப்பதோடு டீசலை மிச்சப்படுத்துவதற்கும் அதை இறுக்கிக் கட்டுவது உதவுகிறது. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் மானியில் பச்சை நிறம் பூசிய பகுதிக்குள் முள் நிற்குமாறு கியர் மாற்றுவது, நின்ற இடத்தில் பெரிய இன்ஜினை மணிக்கணக்கில் உறுமவிடாமல் அணைப்பது, டயர் காற்றழுத்தத்தைக் கம்பியால் தட்டிப் பார்த்து ஊகிக்காமல் அளவுமானி வைத்துப் பார்ப்பது ஆகியவையும் இவ்வகையே. டயர் அழுத்தம் குறைந்தால் எரிபொருள் செலவு கூடும் என்பது பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது. இவை அனைத்தும் சேர்ந்து 4 கிலோமீட்டர் மைலேஜை 4.5 ஆக உயர்த்தினால், 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2,550 ரூபாய் மிஞ்சும். காரும் இருசக்கர வாகனமும் ஓட்டுவோருக்கும் இதே இயற்பியல்தான். தொகை மட்டும் சிறிது.

மிச்சம் என்று நம்பப்படும் எல்லாமே மிச்சமல்ல. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் அடிக்கடி நேரும் லாரி விபத்துகளுக்கு, டீசலைச் சேமிக்கும் எண்ணத்தில் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கம் ஒரு காரணமாகத் தொடர்ந்து சுட்டப்படுகிறது. மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட இன்றைய இன்ஜின்களில் இப்பழக்கம் ஆபத்தானது மட்டுமன்று, வீணானதும்கூட. கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் ஆக்சிலேட்டர் மிதிக்கப்படாமல் உருளும்போது, சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுவதால் டீசல் செலுத்துவது தானாக நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணைந்துபோகாமல் இருப்பதற்கே டீசல் எரிய வேண்டியுள்ளது. கியரின் பிடிப்பு இல்லாத வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் தாங்க நேர்கையில், டிரம் சூடேறி லைனிங்கின் பிடிமானம் குறைகிறது. இன்ஜினையும் அணைத்துவிட்டால் ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் நின்றுவிடுவதால், ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியிலுள்ள காற்று குறைந்துகொண்டே வரும். பவர் ஸ்டீயரிங்கும் கைகொடுக்காது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்னும் பழைய ஓட்டுநர்களின் வழக்கத்தைப் புதிய இன்ஜின் செலவுக் கணக்கிலும் சரியாக்கியிருக்கிறது.

இப்பழக்கத்துக்கு ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் என்று உரிமையாளர் அளவு வகுத்து, கூடுதலாகச் செலவானதை ஓட்டுநரின் கணக்கில் பிடித்தம் செய்யும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. மலைப்பாதை, எதிர்க்காற்று, நெரிசல், சரக்கின் எடை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாத அந்த அளவு, ஓட்டுநரை நியூட்ரலை நோக்கித் தள்ளுகிறது. மிச்சப்படுத்திய டீசலில் ஓட்டுநருக்கும் பங்கு தந்து, பிடித்தத்தைக் கைவிடும் ஏற்பாடே இதைவிட விவேகமானது.

டீசல் செலவைக் குறைக்க, விலை குறைந்த மாநிலத்தின் எல்லையில் டேங்கை நிரப்பிக்கொள்வது மற்றொரு வழி. 2024 மார்ச்சில் பெங்களூரில் டீசல் 86 ரூபாயை ஒட்டியும் சென்னையில் 92 ரூபாய்க்குச் சற்று மேலும் இருந்தபோது, ஓசூருக்குள் நுழையுமுன் அத்திப்பள்ளிப் பக்கம் 300 லிட்டர் நிரப்பிய லாரிக்கு 1,800 ரூபாய்க்கு மேல் மிஞ்சியது. அந்த ஆண்டு ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் கர்நாடகம் விற்பனை வரியை உயர்த்தியதும், வேறுபாடு ஒன்றரை ரூபாய் அளவுக்குச் சுருங்கிப்போனது.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு வாடகை பேசும் இடத்தில் நேர்கிறது. இந்திய லாரிகளில் பெரும்பகுதி ஓரிரண்டு வண்டிகள் மட்டும் வைத்திருப்போருக்கே சொந்தம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலும், ஓட்டுநராகத் தொடங்கி ஃபைனான்ஸில் வண்டி எடுத்து உரிமையாளரானவர்கள் ஏராளம். வெளியூரில் சரக்கை இறக்கியபின், ஊர் திரும்புவதற்கான ரிட்டன் லோடு கேட்டு புக்கிங் ஆபீஸில் காத்திருக்கும் இவர்களுக்குப் பேரம் பேசும் வலு மிகக் குறைவு. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் படியும் தவணையும் ஏறிக்கொண்டிருக்க, காலியாகத் திரும்புவதைவிட டீசல் காசு வந்தால் போதும் என்று குறைந்த வாடகைக்கு லோடு ஏற்றுவது அந்தத் தனி மனிதருக்கு அறிவான முடிவே. ஆனால் எல்லோரும் அதே முடிவை எடுக்கும்போது, அந்தக் குறைந்த தொகையே சந்தை வாடகையாக நிலைத்து, டீசல் விலை உயர்ந்தாலும் வாடகை உயராமல் போகிறது. 2018 ஜூலையில் லாரிகள் ஏற்றக்கூடிய எடை வரம்பு 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தப்பட்டபோது, அதே சரக்குக்குக் குறைவான வண்டிகளே போதும் என்றாகி, இப்போட்டி மேலும் கடுமையானது. டீசல் விலையைக் குறைக்கக் கோரி நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தம் நடந்ததும் அதே மாதத்தில்தான்.

இதற்கு ஒரு விடை நாமக்கல்லிலேயே இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்களுக்குச் சமையல் எரிவாயு ஏற்றிச்செல்லும் டேங்கர் லாரிகள் ஒப்பந்த அடிப்படையில் ஓடுகின்றன. டீசல் விலை மாறும்போது வாடகையும் மாறுவதற்கான விதி அவ்வொப்பந்தங்களில் இடம்பெறுகிறது. விதி மிக எளிது: வாடகையில் டீசலின் பங்கு 50 சதவீதம் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டு, ஒப்பந்த நாளின் விலையை அடிப்படையாகக் குறித்துக்கொண்டால், டீசல் 10 சதவீதம் ஏறும்போது வாடகை 5 சதவீதம் ஏறும், இறங்கும்போது அதே கணக்கில் இறங்கும். நாள் வாடகைக்கு அலையும் வண்டிக்கு இது எட்டாது என்றாலும், ஒரே அரிசி ஆலைக்கோ ஜவ்வரிசி ஆலைக்கோ ஆண்டு முழுவதும் லோடு அடிக்கும் ஒற்றை லாரிக்காரர்கூட ஒரு பக்கத் தாளில் இதை எழுதி வாங்கிக்கொள்ள முடியும். ஆலைக்காரர் மறுத்தால், நாலைந்து பேர் சேர்ந்து கேட்பதற்கு ஊர்தோறும் லாரி உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன. வேலைநிறுத்தக் காலத்தில் காட்டும் ஒற்றுமையை அச்சங்கங்கள் வாடகைத் தாளிலும் காட்டுவது அரிதாகவே இருக்கிறது.