துறையைக் குத்தகைக்கு விடலாம், பொறுப்பை விட முடியாது

2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பி நகரில், மச்சு ஆற்றின் மேல் இருந்த தொங்குபாலம் அறுந்து விழுந்து 135 பேர் இறந்தார்கள். நகராட்சிக்குச் சொந்தமான அந்தப் பாலத்தைப் பராமரிக்கவும், டிக்கெட் விற்று வசூலிக்கவும் தனியார் நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் செய்திருந்தது. பழுது பார்ப்பதற்காக மூடிய பாலத்தை, தகுதிச் சான்று வாங்காமலே, விபத்துக்கு நான்கு நாள் முன்பு திறந்துவிட்டார்கள். முக்கிய வடம் ஒன்றில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்துப் போயிருந்தன என்பதைச் சிறப்புப் புலனாய்வுக் குழு பிறகு கண்டறிந்தது. நகராட்சி, அந்த நிறுவனத்தைக் கை காட்டியது. நிறுவனத்தின் கையிலோ ஒப்பந்தம் இருந்தது. இந்த இடத்தில் சட்டம் தெளிவாகச் சொல்லும் ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பாலத்திலும் படகுத்துறையிலும் கட்டணம் வசூலிக்கும் உரிமை கைமாறலாம். அவற்றைக் கடப்பவர்களின் உயிருக்கான பொறுப்பு கைமாறாது.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை சாலை, பாலம், படகுத்துறை ஆகியவற்றை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. பதினோராவது அட்டவணை பாலங்களையும் படகுத்துறைகளையும் நீர்வழிகளையும் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளில் சேர்க்கிறது. பன்னிரண்டாவது அட்டவணை சாலைகளையும் பாலங்களையும் நகராட்சிகளுக்கான பணிகளில் சேர்க்கிறது. காவிரிக் கரையில் பரிசல்துறை ஏலம் விடுவதும் இப்படிப்பட்ட அதிகாரத்தின் தொடர்ச்சிதான். ஆங்கிலேயர் காலத்து 1878-ஆம் ஆண்டின் வட இந்தியப் படகுத்துறைச் சட்டம், துறையைப் பொதுப் படகுத்துறையாக அறிவிக்கவும், சுங்கத்தைக் குத்தகைக்கு விடவும், அருகில் தனியார் துறை நடத்துவதைக் கட்டுப்படுத்தவும் அரசுக்கு இடம் கொடுத்தது. கட்டண விவரத்தை உள்ளூர் மொழியில் எழுதித் துறையருகே பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்ற கடமையையும் அதே சட்டம் குத்தகைதாரர் மேல் சுமத்தியது. வருவாயை முதன்மையாகக் கருதிய அந்தக் காலத்துச் சட்டத்தில்கூட வசூலிக்கும் உரிமையும் கடமையும் சேர்ந்தே வந்தன.

உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. டெல்லி சாந்தினி சவுக்கில் இருந்த மணிக்கூண்டு 1951-இல் இடிந்து விழுந்து வழிப்போக்கர்கள் இறந்த வழக்கில், பழுது வெளியே தெரியவில்லை என்று நகராட்சி வாதாடியது. கட்டடத்துக்கு வயதாக ஆக அதை அவ்வப்போது ஆய்வு செய்வது உரிமையாளரின் கடமை என்றும், ஆய்வு செய்யாமல் இருந்துவிட்டுப் பழுது தெரியவில்லை என்று சொல்ல முடியாது என்றும் 1966-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கூண்டுக்குப் பொருந்திய நியாயம், பழைய பாலங்களுக்கும் படகேறும் மேடைகளுக்கும் அப்படியே பொருந்தும். மோர்பி வழக்கை குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே கையிலெடுத்து, இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அதோடு நகராட்சி தப்பிவிடவில்லை. 2023-இல் மாநில அரசு அந்த நகராட்சியையே கலைத்தது.

நிதி இல்லாத ஊராட்சி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான், ஆனால் அதற்கான பதில் 1980-லேயே வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி, சாக்கடை கட்டப் பணமில்லை என்றபோது, சட்டம் விதித்த கடமைக்குப் பணமின்மை விலக்காகாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பாலத்தைச் சரிசெய்யத்தான் பணம் வேண்டும். ஆபத்தான பாலத்தை மூடவோ கனரக வண்டிகளைத் தடுக்கவோ பெரும்பணம் தேவையில்லை. மூடினால் ஊர் துண்டிக்கப்படுமே என்றால், மாற்று வழி செய்து தருவதும் அதே நிர்வாகத்தின் வேலைதான். எச்சரிக்கையை மீறிக் கூட்டமாக ஏறுவது மக்கள்தானே என்ற வாதமும் எழும். 2025 ஜூன் 15 அன்று புனே அருகே குண்ட்மலாவில், இந்திராயணி ஆற்றின் குறுக்கே இருந்த இரும்பு நடைபாலம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அங்கே எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஆனாலும் மக்கள் ஏற முடிந்தது. ஆபத்து என்று தெரிந்து பலகை வைத்தவர்களுக்கு, வழியை அடைக்கும் அதிகாரமும் இருந்தது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனிமனிதர் யாரிடமும் இல்லாதபோது, கூட்டத்தின் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது.

படகுகளில் ஆபத்து இன்னும் மறைவானது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகிலிருந்து சுற்றுலாப் படகாக மாற்றியமைக்கப்பட்ட ஒன்று. அளவுக்கு மீறியும் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு, தகுதிபெற்ற ஓட்டுநர், உயிர்காக்கும் கருவிகள் எல்லாம் கட்டாயம். இயந்திரமில்லாத படகுகளையும் அந்தச் சட்டம் விட்டுவிடவில்லை. அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையை உள்ளாட்சிகளிடம் கொடுக்க வழி செய்திருக்கிறது. ஆகவே படகில் ஏறும் முன் பதிவு எண்ணையும், எத்தனை பேர் ஏறலாம் என்பதையும், லைஃப் ஜாக்கெட்டையும் கேட்பது பயணியின் உரிமை. இல்லையென்றால் ஏறாதீர்கள். ஏறினால், கொடுத்த கட்டணத்துக்குச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

விபத்துக்கு முன்பே செய்யக்கூடியவை மூன்று. கடைசி ஆய்வறிக்கை, தகுதிச் சான்று, குத்தகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், உயிர் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில். இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டமைப்பு குறித்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அதைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அதிகாரிகள் அசையவில்லை என்றால் அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். விபத்துக்குப் பின், கட்டணம் செலுத்திய பயணியோ இறந்தவரின் வாரிசுகளோ இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. அலட்சியத்தால் உயிர் போனால் குற்ற வழக்கும் உண்டு. அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையை வாங்கிக்கொண்டதால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது.

மோர்பியில் அந்த நான்கு நாட்களுக்குள் யாராவது தகுதிச் சான்றைக் கேட்டிருந்தால், காட்டுவதற்கு அங்கே எதுவும் இருந்திருக்காது. பாலத்தை மூட அந்த ஒரு காரணமே போதுமானது. உங்கள் ஊர் ஆற்றுப் பாலத்துக்கும் பரிசல்துறைக்கும் அப்படியொரு சான்று இருக்கிறதா என்ற கேள்வியை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுப்பி, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். அப்படிப் பதிவான பிறகு, தெரியாது என்று சொல்ல யாருக்கும் வழியிருக்காது.