மின்மினிக்கு ஏன் நத்தை வேண்டும்?

கிள்ளானிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் வண்டியில் போனால் கோலசிலாங்கூர். அங்கே சிலாங்கூர் ஆற்றங்கரையில், கம்போங் குவாந்தானில், இருட்டிய பிறகு பெரெம்பாங் மரங்கள் முழுக்க மின்மினிகள் ஒரே தாளத்தில் எரிந்து அணையும். ஆண் பூச்சிகள் பெண்ணை அழைக்கும் ஒளி அது.

படகில் போகிறவர்கள் மரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் மின்மினியின் இளமைக்காலம் மரத்தில் கழிவதில்லை. தாய்ப்பூச்சி கரையோரத்து ஈர மண்ணில் முட்டையிடும். பொரிந்து வரும் புழு, அங்கே ஊரும் சின்ன நத்தைகளைத் தின்றே வளரும். மரத்தை விட்டுவைத்து, அதற்குப் பின்னால் இருக்கும் புதரைச் செம்பனைக்காக வழித்துவிட்டால் மண் காய்ந்துவிடும், நத்தை போய்விடும். பிறகு மரம் நின்றாலும் அதில் வெளிச்சம் இருக்காது. பாடப்புத்தகத்தில் ‘உணவுச் சங்கிலி’ என்று நாம் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

இயற்கை முகாம்கள் கற்றுத்தர வேண்டியதும் இதுவே. அதற்கேற்ற இடமான கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா 1987இல் உருவானது. அதன் பின்னணியில் இருந்த மலேசிய இயற்கைச் சங்கம் 1940 முதல் இயங்கிவருகிறது. கடலோரச் சதுப்புக்காட்டில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் பிள்ளைகளை இறக்கினால், ஒரு மணி நேரத்தில் எத்தனையோ தெரிந்துவிடும். சேற்றிலிருந்து பென்சில் போல நீட்டிக்கொண்டிருப்பவை மரத்தின் மூச்சு வேர்கள். நிலத்தில் துள்ளி ஓடும் மீனுக்கு மலாயில் பெலாச்சாக் என்று பெயர். பக்கத்திலுள்ள மெலாவாத்தி குன்றில் சாம்பல்நிற இலைக்குரங்குகள் இருக்கின்றன. அவற்றின் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். ஏன் என்று பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள்.

கல்வி அமைச்சின் ஒத்துழைப்போடு பள்ளிகளில் இயற்கை நேசர் கழகங்கள் 1991லேயே தொடங்கிவிட்டன. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆரும் 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. பரீட்சையைக் காட்டி முகாமைத் தள்ளிப்போட நம் தொடக்கப்பள்ளிகளுக்கு இனி காரணமில்லை. தள்ளிப்போட நேரமும் இல்லை: மலாயாப் புலி 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது என்று தேசியக் கணக்கெடுப்பு சொல்லும் காலத்தில் நாம் இருக்கிறோம்.

ஒரு கன்று நட்டு, பதாகையோடு படம் எடுத்து, மதியமே திரும்பும் பயணத்தை நான் முகாமாக எண்ணுவதில்லை. ஓரிரவாவது தங்க வேண்டும். நட்ட கன்று பிழைத்ததா என்று மறுவருடம் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பள்ளியிடம் இந்த இரண்டையும் கேளுங்கள்.

இன்னொன்று. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிகள் இன்னும் கிள்ளானில் இருக்கிறார்கள். விடியுமுன்னே காட்டோரம் நடந்தவர்கள். எந்தச் சத்தம் எந்தப் பறவையுடையது, எந்தத் தடம் எந்த விலங்குடையது என்பதைத் தமிழிலேயே சொல்லக்கூடியவர்கள். முகாமுக்குப் போகும் பேருந்தில் இரண்டு இருக்கைகளை அவர்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.