ஸ்வீட் பாக்ஸ் மேல மயிலுக்கு என்ன வேலை?

தீபாவளிக்கு வந்த காலிப் பெட்டிகளை நான் தூக்கிப் போடுவதில்லை. தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று நம்ம மாவட்டத்துக் கடைப் பெட்டிகளே ஒரு அடுக்கு சேர்ந்துவிட்டது. வரிசையாக வைத்தால் விளக்கு, மயில், தாமரை, மாங்காய் டிசைன். உள்ளே இருந்த மைசூர்பாகு மட்டும் எந்தப் பெட்டி மேலயும் இல்லை. ஏன்?

முதல் காரணம் அச்சகத்தில் இருக்கிறது. ஆஃப்செட்டில் பிளேட் போட்டு மெஷினைத் தயார் செய்யும் செலவு, நூறு பெட்டிக்கும் பத்தாயிரம் பெட்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சின்னக் கடைக்குத் தனி டிசைன் கட்டுப்படியாகாது. அதனால் பொதுவான படத்தை மொத்தமாக அச்சடித்து, கடைப் பெயருக்கு இடம் விட்டுவிடுவார்கள். உள்ளே ஜாங்கிரி வருமா, மிக்சர் வருமா என்பது அப்போது தெரியாது. ஆகவே படம் பலகாரத்தைச் சொல்லாது, நல்ல நாளைச் சொல்லும். 'தீபாவளி' என்ற எழுத்து இல்லாவிட்டால், மிஞ்சிய பெட்டி பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஓடும்.

சரி, லட்சுமி படம் போடலாமே? கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976) பாணி சாமி படங்கள், சிவகாசி காலண்டர்களில் வீடு வீடாகப் போனவைதானே? ஆனால் காலண்டர் சுவருக்குப் போகும், பெட்டி குப்பைக்குப் போகும். சாமி படத்தை எறிய மனசு வராது. மயிலும் விளக்கும் மங்கலம்தான், ஆனால் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. என் கணிப்பு இது.

இது நம்ம ஊர் வழக்கம் மட்டுமல்ல. தைவானில் கல்யாணம் நிச்சயமானதும் உறவுகளுக்குப் பகிரும் பலகாரத்தின் மரபான பெட்டி சிவப்பு. மேலே டிராகனும் பீனிக்ஸும். அங்கேயும் படம் சேதியைத்தான் சொல்கிறது.

இதில் நம்ம காசும் இருக்கிறது. பெட்டி அழகாக அழகாக அட்டையும் தடிக்கிறது. கிலோ 600 ரூபாய் இனிப்பை 80 கிராம் பெட்டியோடு சேர்த்து நிறுத்தால், அட்டைக்கு மட்டும் 48 ரூபாய் கொடுக்கிறோம். எடையளவுச் சட்டப்படி நிகர எடையில் பெட்டி சேராது. காலிப் பெட்டியைத் தராசில் வைத்து, பூஜ்ஜியம் ஆக்கிவிட்டுப் போடச் சொல்லுங்கள். பெட்டிக்குத் தனியாக விலை சொன்னால், மயில் பிடித்திருக்கிறதா என்று நாம் முடிவு செய்துகொள்ளலாம்.