கூர்மை தரும் கற்கள்

மலாக்கா மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் வேலை நாள் பொழுது விடியுமுன்பே தொடங்கிவிடும். குளிர்ச்சி நிலவும் வேளையில்தான் மரத்திலிருந்து பால் நன்றாக இறங்கும். ஆனால், மரம் சீவுபவரின் வேலை மரத்தடியில் தொடங்குவதில்லை. வீட்டு வாசற்படியில், கையளவு தீட்டுக்கல்லின்மீதுதான் அது தொடங்குகிறது. கல்லில் சிறிது தண்ணீர் தெளித்து, உளியின் வாயை ஒரே சாய்வில் வைத்துத் தீட்டும் அந்தச் சில நிமிட உழைப்பைப் பொறுத்தே அன்றைய பாலின் அளவு அமைகிறது. மரத்தின் நலமும் அமைகிறது.

மலாயாவில் இரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் அவர் இம்முயற்சியைத் தொடங்கினார். தொடர்ந்து புக்கிட் அசகானிலும் பெருந்தோட்டம் உருவானது. மலாய்மொழியில் ‘அசா’ என்னும் சொல்லுக்குத் தீட்டுதல் என்பது பொருள். பெயரைக் கேட்டதும் தீட்டுக்கல்லை நினைவூட்டும் ஊர் அது. அதே காலக்கட்டத்தில், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், ஒரே வெட்டின் விளிம்பை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அம்முறைக்குக் கூரான உளி இன்றியமையாதது.

அதற்குக் காரணம் பட்டையின் அமைப்பே ஆகும். பாலைத் தாங்கும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக உள்ளன. அவற்றையும் கடந்து உள்ளே சென்றால், பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. புதுப்பட்டையை வளர்ப்பது அதுதான். எனவே, உளி அப்படலத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும்; ஆழம் மிகுந்தால் மரத்தில் காயம் ஏற்படும். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்வதால், பின்னாளில் அங்கே மீண்டும் சீவுவது கடினமாகிவிடும். மழுங்கிய உளியோ பட்டையைச் சீவாமல் பிய்க்கும். அதை ஓட்டக் கூடுதல் வலு தேவைப்படும். வலுவைக் கூட்டினால் உளி கட்டுக்குள் நிற்காது. எடுத்த பாலுக்கேற்ப வருமானம் பெறும் பாட்டாளிக்கு இவை யாவும் இழப்பே.

அப்படியானால், உளியைக் கூராக்கும் கல் என்ன செய்கிறது? கல்லில் உள்ள கடினமான துகள்கள் எஃகை மிக நுண்ணியதாகக் கீறி எடுக்கின்றன. இரண்டு பக்கங்களிலும் இவ்வாறு தேய்க்கும்போது, அவை சந்திக்கும் விளிம்பு மெலிந்து கூராகிறது. ஒரு பொருளைக் கீற வேண்டுமானால், கீறும் பொருள் அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் மோஸ் 1812ஆம் ஆண்டில் கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் மிக மென்மையான டால்க் 1ஆம் இடத்திலும் வைரம் 10ஆம் இடத்திலும் உள்ளன. கடினப்படுத்தப்பட்ட கத்தி எஃகு ஏறத்தாழ 6க்கும் 7க்கும் இடையில் அமைகிறது.

மனிதர் தொன்றுதொட்டுப் பயன்படுத்திய மணற்கல்லில் இருப்பது குவார்ட்ஸ் துகள். அதன் கடினம் 7. எஃகைவிடச் சற்றே கடினமானது என்பதால், அது மெதுவாகத்தான் தேய்க்கும். வீட்டில் தீட்டுக்கல் இல்லாதபோது சிமெண்டுப் படியிலோ, பீங்கான் கிண்ணத்தின் மெருகில்லாத அடிவிளிம்பிலோ கத்தியைத் தேய்ப்பதுண்டு. சிமெண்டில் கலந்துள்ள மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸே. ஆயினும், அதன் துகள்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு துகள் தேய்த்துச் சீராக்கிய விளிம்பை அடுத்த பெரிய துகள் கீறிக் கெடுத்துவிடும்.

குவார்ட்ஸைவிடக் கடினமான கனிமம் ஒன்று தமிழ்நாட்டு மண்ணிலேயே கிடைத்தது. அதன் பெயர் குருந்தம். அதன் கடினம் 9. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே கனிமத்தின் தெளிந்த வடிவங்களே. ஒளி ஊடுருவாத சாதாரண குருந்தம் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் கிடைத்தது. கைவினைஞர்கள் அதைப் பொடித்து, உருக்கிய அரக்குடன் கலந்து, வட்டமாகச் செய்து சாணையாகச் சுழற்றினர். ஐரோப்பியர் இக்கனிமத்தை அறிந்துகொண்டபோது அதன் தமிழ்ப் பெயரையும் ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் சொல் ‘குருந்தம்’ என்பதிலிருந்து வந்ததே.

அச்சொல்லின் பயணம் அத்துடன் முடியவில்லை. 1891ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன், களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தால் கடுமையாகச் சூடேற்றினார். அப்போது மின்னும் சிறு படிகங்கள் தோன்றின. அவை கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று எண்ணிய அவர், இரண்டு சொற்களையும் இணைத்து ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அவருக்குக் கிடைத்தது சிலிக்கனும் கரியும் சேர்ந்த சிலிக்கன் கார்பைடு. அதில் குருந்தம் சிறிதும் இல்லை. இருப்பினும், பெயர் நிலைத்துவிட்டது. இன்று இரும்புச் சாமான் கடைகளில் விற்கப்படும் கரிய தீட்டுக்கல்லின் பெயருக்குள் ஒரு தமிழ்ச்சொல் மறைந்திருக்கிறது.

சிலிக்கன் கார்பைடு குருந்தத்தைவிடக் கடினமானது. அதன் துகள்கள் முனை கூரானவை, எளிதில் உடைபவை. ஒரு முனை உடைந்ததும் புதிய முனை வெளிப்படுவதால் கல் விரைவாகத் தேய்க்கும். வாய் மொக்கையான கத்தியையும் பல் விழுந்த அரிவாளையும் சரிசெய்ய இது ஏற்றது. ஆனால், கல்லும் விரைவில் தேய்ந்து நடுவில் குழியும். குழிந்த கல்லில் ஒரே சாய்வைக் காப்பது கடினம்.

பாக்சைட்டிலிருந்து ஆலைகளில் செய்யப்படும் அலுமினியம் ஆக்சைடு மற்றொரு வகையாகும். வேதியியல் அடிப்படையில் இதுவும் குருந்தமும் ஒன்றே. சிலிக்கன் கார்பைடைவிடச் சற்றுக் கடினம் குறைந்ததாயினும் இதன் துகள்கள் உறுதியானவை, எளிதில் உடைவதில்லை. எஃகைச் சீராகத் தேய்த்து மென்மையான விளிம்பைத் தருவதால், சமையற்கத்திகளுக்கான கற்கள் பலவற்றில் இது இடம்பெறுகிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது வைரம். 1954ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் செயற்கை வைரம் உருவாக்கப்பட்டது. அதன்பின், வைரத்துகள் தொழிற்சாலைப் பொருளாயிற்று. எஃகுத் தகட்டின்மீது நிக்கல் பூச்சால் வைரத்துகளைப் பதித்துத் தீட்டும் தகடுகள் செய்யப்படுகின்றன. அவை குழிவதில்லை, மிகக் கடினமான எஃகையும் தேய்க்கும். ஆனால், மெல்லிய வாயுள்ள உளியை அதில் அழுத்தித் தேய்த்தால் தேவைக்கு மேல் எஃகு கரைந்துவிடும். உளியின் ஆயுள் குறையும்.

எனவே, கடினத்தை மட்டும் பார்த்துக் கல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. துகளின் அளவையும் பார்க்க வேண்டும். கல்லின்மீது பொறிக்கப்பட்டிருக்கும் எண் அதைக் காட்டும். எண் கூடக்கூடத் துகள் சிறுத்துக்கொண்டே போகும். 120 எண்ணுள்ள கல்லின் துகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். 1000 எண்ணுள்ள கல்லின் துகளோ தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு சிறியது. முதலில் சொரசொரப்பான கல்லில் வடிவத்தைச் சரிசெய்து, பிறகு நுண்ணிய கல்லில் முந்திய கீறல்களை நீக்குவதே முறை. நேரடியாக நுண்ணிய கல்லில் தேய்த்தால், மழுங்கிய உளி நெடுநேரமானாலும் கூராகாது.

துகள்களைப் பிணைத்திருக்கும் பொருளும் முக்கியமானது. பிணைப்பு மிக இறுகியிருந்தால், மழுங்கிய துகள்கள் உதிராமல் தங்கிக் கல் வழவழப்பாகிவிடும். மிகத் தளர்ந்திருந்தால், நல்ல துகள்களும் உதிர்ந்து கல் வீணாகும். தேய்க்கும்போது தெளிக்கும் தண்ணீர், எஃகுத்தூள் துகள்களின் இடையே அடைத்துக்கொள்ளாமல் கழுவிச் செல்கிறது.

உளியின் வடிவமும் கல்லைத் தீர்மானிக்கும். பால்மரம் சீவும் உளியின் வாய் வளைந்தது. தட்டையான கல் அதன் வெளிப்பக்கத்திற்கு மட்டுமே பொருந்தும். உட்பக்கத்தைத் தீட்ட விளிம்பு உருண்ட சிறு கல் தேவை. மின்சாரச் சாணையில் விரைவாகத் தீட்டிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். அங்கே வெப்பம் மிகும். எஃகின் விளிம்பில் நீல நிறம் பாய்ந்துவிட்டால் அவ்விடம் தன் உறுதியை இழந்துவிட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர்மை நிலைக்காது.

இன்று மலாக்காவில் இரப்பர் இருந்த பல இடங்களில் செம்பனை வளர்கிறது. உளி இருந்த கைகளில் நீண்ட கழியில் பொருத்திய அரிவாள் இருக்கிறது. பட்டணத்திலோ, பொய்யாத விநாயகர் கோயில் அமைந்துள்ள பொற்கொல்லர் தெருவும், அதை அடுத்துள்ள இரும்புக் கொல்லர் தெருவும் பழைய தொழில்களைத் தம் மலாய்ப் பெயர்களில் இன்றும் தாங்கி நிற்கின்றன. கருவிகள் மாறினாலும் அவற்றைத் தீட்டும் தேவை மாறவில்லை. எந்தக் கருவிக்கு எந்தக் கல், எந்த எண், எந்தச் சாய்வு என்பதை அறிந்தவரின் கையில் மலிவான கார்போரண்டக் கல்லும் நன்றாக உழைக்கும். அதை அறியாதவரின் கையில் வைரத்தகடும் நல்ல கத்தியைக் கெடுத்துவிடும்.