குறிப்பு இருக்கிறது... புத்தகம் எது?

படித்த புத்தகங்களிலிருந்து கம்ப்யூட்டரில் குறிப்பு எடுத்து வைப்பவரா நீங்கள்? அப்படியென்றால் எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம்.

என் தங்கையின் ஆய்வேட்டுக்காக நோட்பேடில் குறிப்புகள் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றில் 'கால்டுவெல், பக்கம் 112' என்று மட்டும் இருந்தது. கால்டுவெல்லின் திராவிட மொழி ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1875-ல் வந்தது. "எந்தப் பதிப்பு அண்ணா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் புரட்டியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுங்கள். இதை சைட்டேஷன் கீ என்பார்கள்.

1. நூல் விவரங்களை பிப்டெக்ஸ் பைலில் வையுங்கள். 1985-ல் வந்த இந்த முறை இன்றும் பயன்படுகிறது. இதுவும் சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். கையால் டைப் செய்யத் தயங்கினால், இலவச ஸோட்டீரோ புரோகிராமில் பெட்டர் பிப்டெக்ஸ் என்ற ஆட்-ஆனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீயை அதுவே உருவாக்கி, பைலையும் தயாரித்துத் தரும்.

2. கீயில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இருக்கட்டும்: கால்டுவெல்1856, கால்டுவெல்1875. இவற்றை இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும்.

3. அந்த நூலுக்கான குறிப்பு பைலுக்கும் அதே கீயைப் பெயராக வையுங்கள். தமிழ் எழுத்துகள் சிதையாமலிருக்க யூடிஎப்-8 முறையில் சேமிக்கவும்.

4. வேறு குறிப்புகளில் அந்த நூலைச் சுட்டும்போது [@கால்டுவெல்1875, 112] என்று எழுதுங்கள். கமாவுக்குப் பின் வருவது பக்க எண்.

இனி அந்தக் கீயைத் தேடினால் போதும். விண்டோஸில் பைண்ட்ஸ்டர், லினக்ஸில் கிரெப் ஆகிய கட்டளைகள் அந்த நூல் வரும் எல்லாக் குறிப்புகளையும் காட்டிவிடும். பாண்டாக் என்ற இலவச புரோகிராமிடம் குறிப்பு பைலையும் பிப்டெக்ஸ் பைலையும் தந்து சைட்ப்ராக் ஆப்ஷனைச் சேர்த்தால், அடைப்புக்குள் உள்ளதை முறையான மேற்கோளாக மாற்றும். கடைசியில் நூற்பட்டியலையும் சேர்த்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: ஒருமுறை வைத்த கீயை மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய குறிப்புகளின் இணைப்பு அறுந்துவிடும். தேடும்போது எந்த எர்ரர் செய்தியும் வராது. ஆண்டைத் தவறாகக் கொடுத்திருந்தால் நூல் விவரத்தில் மட்டும் திருத்துங்கள்; கீ அப்படியே இருக்கட்டும்.

பழைய குறிப்புகள் அனைத்தையும் இன்றே மாற்ற வேண்டியதில்லை. அடுத்த புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்தைப் புரட்டும் முன் கீயை வைத்துவிடுங்கள்.