கழல மறுக்கும் ஸ்டட்

குமரி மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் நிற்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எஞ்சினைப் பிரித்துப் பார்க்கத் தோதான நாட்கள் இவைதான். ஹெட்டைத் திறக்கப் போகும் மெக்கானிக்கின் பொறுமையை முதலில் சோதிப்பது, பிளாக்கில் இறுகிக் கிடக்கும் ஸ்டட்.

ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட். ஒரு முனை மரை பிளாக்குக்குள் இருக்கும், மறுமுனையில் நட் ஏறும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். மரைகளுக்கு நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. பெருகிய துரு அதற்குள் அடைத்துக்கொண்டு இறுகிவிடுகிறது.

ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி ஓங்கி இழுப்பவர்கள் உண்டு. ஸ்டட் பிளாக் மட்டத்தோடு முறியும். அரைமணி வேலை ஒருநாள் வேலையாகும்.

விவரம் தெரிந்தவர் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறவைப்பார். காலையில் ஸ்டட்டின் உச்சியில் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, கீழ்நட்டில் ஸ்பேனர் போடுவார். கொஞ்சம் கழன்றால் சற்றே முறுக்கி, மறுபடி கழற்றுவார். செம்பழுப்புத் தூள் மரைவழியே வெளியேறும்.

அசையாவிட்டால் நெருப்பு. சூடுகாட்ட வேண்டியது ஸ்டட்டைச் சுற்றியுள்ள பிளாக்குக்கு. அப்போதுதான் துளை விரியும். ஆறி வரும்போது மெழுகுவர்த்தியை விளிம்பில் வைத்தால் உருகி உள்ளே இறங்கும். வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சினில் இன்னும் கவனம் தேவை. அங்கே அலுமினியமும் எஃகும் உப்புநீரும் சேர்ந்து ஒரு பேட்டரியே உண்டாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கப்படும். சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் அலுமினியம் சீக்கிரம் பிடி விடும். ஆனால் 660 டிகிரியில், சிவக்காமலே உருகிப்போகும்.

முறிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவதே நல்ல வழி. வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். துண்டில் துளையிட்டு, அதில் செருகித் திருப்பும் ஈசிஅவுட்டை நம்புவது கடைசியில்தான். அது உள்ளே ஒடிந்தால், சாதாரண டிரில் அதைத் தொடாது.

மரை கெட்டிருந்தால் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் சுருள் போடலாம். புது ஸ்டட் ஏறுமுன் மரை வெட்டும் டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்து, காற்றடித்துத் துளையை உலர்த்த வேண்டும். அடிமூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால் அது அமுங்காது. ஸ்டட்டை முறுக்க முறுக்க பிளாக்தான் விரிசல் விடும்.